காலையில் ‘கர கர’... இன்ஜினுக்குள் நேரம் தவறும் கதை!

காலை ஆறு மணி. தெருவில் இன்னும் ஆள் நடமாட்டம் இல்லை. பால் பாக்கெட் வாங்கக் கிளம்பும் ஒருவர் கிக்கரை மிதிக்கிறார். மூன்றாவது மிதியில் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. கூடவே, இன்ஜினின் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டப்பாவுக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்குவதுபோல ‘கர கர கர...’ ஒரு நிமிடம் போனதும் குறைகிறது. வண்டி நகர்ந்ததும் அவரும் மறந்துவிடுகிறார்.

அடுத்த வாரம் மெக்கானிக் கடையில் வண்டியை விடும்போது, “தம்பி, காலையில ஒரு மாதிரி சத்தம் வருது” என்பார். மெக்கானிக் காதைச் சாய்த்து இரண்டு முறை ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டு, “டைமிங் செயின் சத்தம் சார். டென்ஷனரைப் பார்த்துடலாம்” என்பார். பார்ப்பார். சத்தமும் போய்விடும். ஆனால், போன வருடம் கிடைத்த மைலேஜ் திரும்பி வராது. பாலத்தில் ஏறும்போது வண்டி திணறுவதும் நிற்காது. சத்தம்தான் போய்விட்டதே, அப்புறம் என்ன?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. டைமிங் செயின் தளர்ந்தால் வருகிற தொல்லைகளில் சத்தம் வெளியில் கேட்பது. இன்னொன்று காதில் விழாது. இன்ஜினின் மூச்சு வாங்கும் நேரத்தையே அது சத்தமில்லாமல் தள்ளிவைத்துவிடும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டருக்குத் தலைப்பக்கம் இரண்டு கதவுகள். ஒன்று, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு. இன்னொன்று, எரிந்த புகையை வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் வால்வு. இந்தக் கதவுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். முட்டை வடிவத்தில் புடைப்பு உள்ள ஒரு தண்டு அது. புடைப்பு வந்து அழுத்தினால் வால்வு திறக்கும். புடைப்பு கடந்து போனால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கீழே பிஸ்டனோடு சுழலும் கிராங்க் ஷாஃப்ட். மேலே கேம் ஷாஃப்ட். இரண்டையும் கட்டிப்போட்டிருப்பது டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் கிராங்க்கில் 14 பல் இருந்தால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் இருக்கும்.

வண்டி நல்ல வேகத்தில் போகும்போது கிராங்க் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 41 தடவைக்கு மேல் திறந்து மூடுகிறது. இந்த வேகத்தில் ‘கொஞ்சம் லேட்டாக வருகிறேன்’ என்றால் என்ன ஆகும்?

தாத்தா காலத்தில் இந்தத் தொல்லை இல்லை

வீட்டில் பெரியவர்கள் யாராவது, “எங்க காலத்து வண்டியில இந்தச் சத்தமெல்லாம் வந்ததே இல்லை” என்று சொன்னால், அது வெறும் பழம்பெருமை அல்ல. உண்மை. 1950-களில் சென்னை திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டில் கேம் கீழேயே, கிராங்க்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. பல்லோடு பல் கடிக்கும் கியர்கள்தான் அதைச் சுழற்றின. அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே போய் வால்வைத் தள்ளின. தளர்வதற்குச் செயினே கிடையாது. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொண்டால் அது டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் சுவரிலேயே திறப்புகள். பிஸ்டனின் ஓட்டமே அவற்றைத் திறந்து மூடும். கேமும் இல்லை, செயினும் இல்லை.

அதே 1985-ல் வந்ததுதான் ஹீரோ ஹோண்டா சிடி100. கேம் ஷாஃப்ட்டை சிலிண்டரின் தலையிலேயே வைத்து, செயினால் சுழற்றும் 97.2 சிசி இன்ஜின். 1994-ல் ஸ்ப்ளெண்டர் அதே வழியில் வந்தது. கேம் மேலே போனதால் நீண்ட கம்பிகளின் எடை குறைந்தது, இன்ஜின் லேசாகச் சுழன்றது, மைலேஜ் கூடியது. அதற்குக் கொடுத்த விலை, உள்ளே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயின். இப்போது கேம் தலைக்கு மேல் இல்லாத பைக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ராயல் என்ஃபீல்டே 2020-ல் வெளியிட்ட மீட்டியார் 350-ல் கம்பிகளைக் கைவிட்டு, தலையில் ஒற்றை கேமும் செயினும் உள்ள இன்ஜினுக்கு மாறிவிட்டது.

காரிலும் இதே கதைதான், கொஞ்சம் சுற்றி வந்தது. மாருதி 800-ல் இருந்தது ரப்பர் பெல்ட். பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு, இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். பிறகு வந்த கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களில் செயின். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா போன்ற கார்களில் ஓடிய 1.3 லிட்டர் டீசல் இன்ஜினிலும் செயின்தான். “செயின் என்றால் மாற்றவே வேண்டாம்” என்று ஷோரூமில் சொல்வதைக் கேட்டுப் பழகிவிட்டோம். நல்ல ஆயிலில் ஓடினால் அது பெரும்பாலும் உண்மை. அந்த ‘நல்ல ஆயில்’ என்ற நிபந்தனைதான் காதில் விழுவதில்லை.

இரும்பு எப்படி நீளும்?

“செயின் நீண்டுவிட்டது” என்பார்கள். ரப்பர்போல இழுபட்டு நீள்வதில்லை. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணி மடங்கி நிமிரும். அப்போது பின் புஷ்ஷுக்குள் லேசாகச் சுழலும். அந்த உராய்வில் இரண்டும் தேயும். தேய்ந்த அளவுக்கு அந்தக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் கூடும். வீட்டுக் கதவின் கீல் தேய்ந்து கதவு இறங்குகிறதே, கிட்டத்தட்ட அதுபோல. கதவு வளரவில்லை, கீல்தான் தேய்ந்தது.

ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். பள்ளிக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

சிறிய பைக்குகளில் டைமிங் செயினின் ஒரு கண்ணியின் நீளம் பெரும்பாலும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 28 பல் என்றால் அதன் சுற்றளவு சுமார் 178 மி.மீ. ஒரு முழுச் சுற்று 360 டிகிரி. ஆக, அந்தச் சுற்றளவில் 1 மி.மீ. என்பது சுமார் 2 டிகிரி. கிராங்க்குக்கும் கேமுக்கும் நடுவே ஒரு பக்கத்தில் 30 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டால், அந்த 30 கண்ணியும் சேர்ந்து 1 மி.மீ. நீள ஒவ்வொன்றும் எவ்வளவு தேய வேண்டும்? 0.033 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய பாதி!

அவ்வளவுதான். முடியில் பாதி அளவு தேய்மானம் வரிசையாகச் சேர்ந்து 1 மி.மீ. ஆகிறது. அந்த 1 மி.மீ. கேமை 2 டிகிரி பின்னுக்குத் தள்ளுகிறது. கேம் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், பிஸ்டன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது 4 டிகிரி தாமதம். செயின் ஒரு சதவிகிதம் நீண்டால் இந்தத் தாமதம் 8 டிகிரியை நெருங்கிவிடும்.

டென்ஷனர் என்ன செய்யும், என்ன செய்யாது?

இப்போது ஒரு கேள்வி வரும். செயின் நீண்டால் என்ன, அதை இறுக்கிப் பிடிக்கத்தானே டென்ஷனர் இருக்கிறது?

பதிலுக்கு ஒரு சைக்கிளைப் பார்த்தால் போதும். பெடலை மிதிக்கும்போது சைக்கிள் செயினின் மேல் பக்கம் விறைத்து நிற்கும். கீழ்ப் பக்கம் தொய்ந்து ஆடும். பெடல் இழுப்பது மேல் பக்கத்தைத்தான். கியர் சைக்கிளில் பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு சிறு கை, செயினைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும். அது கீழ்ப் பக்கத்தின் தொய்வை எடுத்துக்கொள்ளும். மேல் பக்கத்தைத் தொடாது.

இன்ஜினிலும் அப்படியே. கிராங்க் இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்கும். இது இழுபக்கம். மறுபக்கம் தளர்ந்திருக்கும். டென்ஷனர் உட்கார்ந்திருப்பது இந்தத் தளர்பக்கத்தில். செயின் முழுவதும் நீளும்போது கூடுதலான நீளத்தையெல்லாம் டென்ஷனர் தன் பக்கத்தில் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் செயின் சுவரில் அடிக்காது, சத்தம் வராது. ஆனால், இழுபக்கத்தில் இருக்கும் 30 கண்ணிகளும் நீண்டே இருக்கின்றன. கேம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த இழுபக்கத்தின் நீளம். அதை எந்த டென்ஷனராலும் குறைக்க முடியாது.

புது டென்ஷனர் போட்டதும் சத்தம் நின்று, மைலேஜ் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். உண்மையைச் சொன்னால், நன்றாக வேலை செய்யும் டென்ஷனர் ஒரு விதத்தில் நம்மை ஏமாற்றுகிறது. தேய்ந்த செயினின் சத்தத்தை அடக்கி, “எல்லாம் நலம்” என்று சொல்ல வைத்துவிடுகிறது.

சரி, டென்ஷனரே பழுதாகி, செயின் நிஜமாகவே தொளதொளவென்று இருந்தால்? அப்போது தாமதத்தோடு தடுமாற்றமும் சேரும். வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். கேமைச் செயின் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புடைப்பின் உச்சி தாண்டியதும் கதை தலைகீழ். இப்போது அதே ஸ்பிரிங் கேமை முன்னுக்கு உந்தும். விறைப்பாக இருந்த இழுபக்கம் ஒரு கணம் தளரும், தளர்பக்கம் விறைக்கும். டென்ஷனர் ஒழுங்காக இருந்தால் இந்த ஆட்டம் அடங்கிவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் கேம் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். ஐடிலிங்கில் வண்டி ஒரே சீராக நிற்காமல் ஏறி இறங்குவதற்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சத்தம் கூடுவதற்கும் இந்தத் தடுமாற்றமும் ஒரு காரணம்.

4 டிகிரி தாமதமானால் என்ன குடிமுழுகிப் போகும்?

பிஸ்டன் கீழே இறங்கும்போது இன்லெட் வால்வு வழியாகக் கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும், கொஞ்ச நேரம் வால்வு திறந்தே இருக்கும். வேகமாக வரும் கலவை அந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நுழையட்டும் என்று வடிவமைத்தவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு அது. கேம் பின்தங்கினால் இந்த ‘கொஞ்ச நேரம்’ நீண்டுவிடும். மெதுவாகப் போகும்போது கலவைக்கு அந்த உந்து வேகம் இல்லை. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். உள்ளே மிஞ்சியதைத்தானே அழுத்த முடியும்? கம்ப்ரஷன் குறையும்.

எக்ஸாஸ்ட் பக்கத்திலும் இதே தாமதம். மூட வேண்டிய நேரம் தாண்டியும் திறந்திருப்பதால், வெளியே போன புகையில் கொஞ்சம், கீழிறங்கும் பிஸ்டனின் இழுப்பில் மீண்டும் உள்ளே வரும். புதிய கலவையோடு பழைய புகையும் சேர்ந்தால் எரிவது மந்தமாகும்.

இதெல்லாம் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது பெரிதாகத் தெரியாது. கேம் சற்றுப் பின்தங்கியிருப்பது உச்ச வேகத்தில் சில இன்ஜின்களுக்குச் சாதகமாகக்கூட அமையும். ஆனால், 100 சிசி பைக்கின் வாழ்க்கை நெடுஞ்சாலையிலா ஓடுகிறது? முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தி எடுக்க வேண்டும், மேம்பாலம் ஏற வேண்டும். இழுவை வேண்டியதே அந்தக் குறைந்த வேகத்தில்தான். செயின் பறிப்பதும் அதையேதான்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கம்ப்ரஷன் குறைந்திருப்பதைக் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, “ரிங் போயிடுச்சு சார், போர் போட்டு பிஸ்டன் மாத்தணும்” என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். சில வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால், பின்தங்கிய கேமும் அதே கேஜில் அதே குறைவைக் காட்டும். புகை வரவில்லை, ஆயில் குறையவில்லை, கம்ப்ரஷன் மட்டும் குறைவு என்றால் போர் போடுவதற்கு முன்பு டைமிங் குறியைப் பார்த்துவிடுவது நல்லது. குறியைப் பார்க்க மூடியைத் திறந்தால் போதும். போர் போட இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

பல் தாண்டினால்...

தேய்மானத்தால் வருவது இரண்டு, நான்கு டிகிரி. செயின் மிகவும் தளர்ந்து, ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல்லைத் தாண்டிக் குதித்துவிட்டால்? 28 பல்லில் ஒரு பல் என்பது கிட்டத்தட்ட 13 டிகிரி. பிஸ்டன் கணக்கில் 26 டிகிரி! சிறிய பைக் இன்ஜினாக இருந்தால் திக்கித் திணறி ஸ்டார்ட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். சைலன்ஸரில் வெடிக்கலாம்.

கார்களில் இது பெரிய ஆபத்து. இன்றைய இன்ஜின்கள் பலவற்றில், முழுதாகத் திறந்த வால்வும் மேல்முனைக்கு வந்த பிஸ்டனும் ஒரே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. நேரம் சரியாக இருக்கும்வரை ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்கும். நேரம் தவறினால் இரண்டும் மோதும். வால்வு வளையும், பிஸ்டனில் பள்ளம் விழும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் அறுந்தால் முடிவு பெரும்பாலும் இதுதான்.

கார்களுக்கு ஒரு வசதி. கிராங்க்கிலும் கேமிலும் தனித்தனி சென்ஸார்கள் இருக்கின்றன. இரண்டும் சொல்லும் நேரத்தைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் எல்லை தாண்டினால் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் ‘பி0016’ என்ற கோடு வரும். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். சென்ஸார் பழுதானாலும் இதே கோடு வரலாம் என்பதால், சென்ஸாரை மாற்றிவிட்டு, கோடை அழித்துவிட்டு அனுப்பிவிடுவதும் நடக்கிறது. சில வாரங்களில் அதே விளக்கு மீண்டும் எரிந்தால் செயினைச் சந்தேகிக்க வேண்டும்.

கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குகளில் இந்த விளக்கு இல்லை. பிளக்கில் பொறி வரும் நேரத்தை மேக்னட் பக்கத்திலுள்ள பிக்கப் காயில் தீர்மானிக்கிறது. மேக்னட் கிராங்க்கிலேயே மாட்டப்பட்டிருப்பதால், செயின் எவ்வளவு நீண்டாலும் பொறி மட்டும் நேரத்துக்கு வரும். வால்வு மட்டும் தாமதம். ஆகவே வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எதுவும் நிற்காததால் யாரும் கவனிப்பதும் இல்லை.

ஆயில்தான் முதல் எதிரி, ஆயில்தான் முதல் நண்பன்

அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்க வேண்டியது ஒரு மெல்லிய ஆயில் படலம். ஆயில் கறுத்து, கரியும் உலோகத் தூளும் சேர்ந்தால் அது தேய்க்கும் பசையாக மாறிவிடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 3.6 லிட்டர் வி6 இன்ஜின் இதற்கு ஒரு பாடம். மூன்று டைமிங் செயின்கள் கொண்ட அந்த இன்ஜினில், 2000-களின் பிற்பகுதியில் வந்த கார்களில் செயின்கள் சீக்கிரமே தேய்வதாகப் புகார் எழுந்தது. நிறுவனம் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று கவனிக்க வேண்டியது. ‘ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது’ என்று ஓட்டுநருக்கு நினைவூட்டும் மென்பொருளை மாற்றி, அந்த இடைவெளியைக் குறைத்தது. செயினின் ஆயுள் ஆயிலின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பைக்கில் இருப்பதோ மொத்தமாகவே சுமார் ஒரு லிட்டர் ஆயில். ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் காரில் இருப்பதுபோல மாற்றிப் போடும் காகித ஃபில்டர்கூட இல்லை. ஒரு சல்லடையும், சுழற்சியால் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் ஒரு சிறு கிண்ணமும்தான். அந்தக் கிண்ணத்தைத் திறந்து துடைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் அபூர்வம். திறந்து பார்த்தால் களிமண்போல அப்பியிருக்கும். ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிக்கும் காசு இங்கேதான் போய்ச் சேர்கிறது.

ஆயில் அளவு குறைந்தாலும் ஆபத்துதான். கார்களிலும் சில பைக்குகளிலும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும். இரவு முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏறுவதற்கு ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். அந்த நேரம் லேசாகச் சத்தம் வந்து நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. ஐந்து, பத்து நொடி என்று நீண்டால் காட்டிவிட வேண்டும். சூடானதும் சத்தம் குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அலுமினிய சிலிண்டரும் ஹெட்டும் சூட்டில் இரும்புச் செயினைவிட அதிகமாக விரியும். கிராங்க்குக்கும் கேமுக்கும் நடுவே தூரம் கொஞ்சம் கூடி, செயின் கொஞ்சம் இறுகும். “சூடானா சரியாயிடுது” என்று விட்டுவிடுவதற்கு இது காரணமாகிவிடுகிறது. செயின் சரியாகவில்லை, சிலிண்டர்தான் வளர்ந்து கொடுத்திருக்கிறது.

இதே காரணத்தால், ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கடைந்து மட்டப்படுத்தும்போதும் கேம் டைமிங் நகரும். அரை மி.மீ. கடைந்தால் கேம் அரை மி.மீ. கீழே இறங்குகிறது. இழுபக்கத்தில் அரை மி.மீ. மிச்சம். புதுச் செயினாகவே இருந்தாலும் நம் கணக்குப்படி கேம் 1 டிகிரி பின்னால் போய்விடும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க ஒன்று. பார்க்கப் போகும் நேரத்தில் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், “ஆறட்டும், நாளைக்குக் காலையில வர்றேன்” என்று சொல்லிவிட்டு வருவது தப்பில்லை. செயின் சத்தம் ஆறிய இன்ஜினில்தான் உண்மை பேசும். தடித்த ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்பவர்களும் உண்டு. டேப்பட் சத்தத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டேப்பட் என்றால் தையல் மிஷின்போல ஒரே சீராக ‘டிக் டிக் டிக்’ என்று ஹெட்டிலிருந்து வரும். செயின் சத்தத்தில் அந்தச் சீர் இருக்காது. உரசலும் உதறலுமாகப் பக்கவாட்டிலிருந்து வரும். முறுக்கிய ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும்போது நன்றாகத் தெரியும்.

ஒரு பல் தள்ளிப் போடலாமா?

தேய்ந்த செயினோடு வரும் வண்டியைத் திறந்து, மேக்னட்டில் ‘டி’ குறியை நேராக வைத்துப் பார்த்தால், கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்காது. கொஞ்சம் பின்தங்கி நிற்கும். அப்போது, “அண்ணே, ஒரு பல் முன்னாடி தள்ளிப் போட்டா நேரா வந்துடுமே” என்று கடைப் பையன் கேட்பான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் சரிவராது. பின்தங்கியிருப்பது 3 டிகிரி, ஒரு பல் தள்ளினால் நகர்வது 13 டிகிரி. 3 டிகிரி தாமதத்தைச் சரிசெய்யப் போய் 10 டிகிரி முந்த வைத்துவிடுவோம். பந்தய வண்டிக்காரர்கள் போல்ட் துளையை நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்ராக்கெட்டைப் போட்டு, ஒவ்வொரு டிகிரியாக நகர்த்திக்கொள்வார்கள். வீட்டு வண்டிக்கு அந்த வித்தை வேண்டியதில்லை. செயினை மாற்றினாலே குறி நேராக வந்துவிடும்.

மாற்றும்போது செயினை மட்டும் மாற்றுவது அரைவேலை. நீண்ட செயினோடு ஓடிய ஸ்ப்ராக்கெட்டின் பற்களும் கொக்கிபோலத் தேய்ந்திருக்கும். புதுச் செயின் அதில் சரியாக உட்காராது. ரப்பர் உருளைகள் வெயிலில் கிடந்த அழிப்பான்போல விறைத்துப்போயிருக்கும். செயின், ஸ்ப்ராக்கெட், உருளைகள், டென்ஷனர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துவிட்டால், அதே கூலியை ஆறு மாதத்தில் மறுபடி கொடுக்க வேண்டியிராது. பழைய செயினைப் புதியதோடு பக்கத்தில் தொங்கவிட்டுக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். 80 கண்ணியில் மூன்று மி.மீ. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழையதைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நடுவில் பக்கவாட்டில் வளைந்து தொங்கும்.

டென்ஷனர் கழற்றியிருக்கும்போது இன்ஜினைப் பின்னோக்கிச் சுழற்றக் கூடாது என்பது பழைய மெக்கானிக்குகளின் கட்டளை. பின்னோக்கிச் சுழற்றினால் இழுபக்கம் தளர்ந்துவிடும். பிடிக்க ஆள் இல்லாத செயின் கிராங்க்கின் பல்லில் ஏறி உட்கார்ந்துவிடும். குறியைத் தாண்டிப் போய்விட்டால், பின்னால் திருப்பாமல் இன்னொரு முழுச் சுற்று முன்னால் வந்துதான் குறிக்கு வர வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அனுபவமுள்ள கை உடனே கிக்கரைத் தொடாது. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மேக்னட் நட்டில் ஸ்பானரைப் போட்டு, கையாலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்றும். நடுவில் எங்கேயாவது இடிக்கிறதா என்று விரலில் உணர்ந்து பார்க்கும். இரண்டாவது சுற்றின் முடிவில் கீழே ‘டி’ குறி நேராக வந்து நிற்கிறதா, மேலே கேம் குறி வெட்டுக்கு நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கும். இரண்டும் நேராக நின்றால்தான் மூடியை எடுத்து மாட்டுவார்கள்.